லத்தியும் லைக்கும்

காவல்துறைப் பக்கங்களைத் திறந்தால் இப்போது பாதி மீம்ஸ், மீதி நாய்க்குட்டி. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் போலீஸ் இன்ஸ்டாகிராமில் பூனைக்குட்டியோடு போஸ் கொடுத்தே உலகப் புகழ் பெற்றது. சரி, நானும் லைக் போட்டவன்தான்.

ஆனால் 2014 ஏப்ரலில் நியூயார்க் போலீஸ் பட்ட பாடு இருக்கிறதே! எங்கள் ஆட்களோடு எடுத்த படங்களை ட்விட்டரில் பகிருங்கள் என்று ஆசையாய்க் கேட்டார்கள். மக்களும் பகிர்ந்தார்கள்: லத்தி ஓங்கும் படம், தலைமுடியைப் பிடித்து இழுக்கும் படம், தரையோடு அழுத்தும் படம். சொந்தக் காசில் சூனியம்.

அப்புறம் ஒன்று. பாட்டியைச் சாலை கடக்க வைத்த வீடியோ அன்றைக்கே வந்துவிடுகிறது. காவலில் ஒருவர் செத்தால் மட்டும் 'விசாரணை நடக்கிறது' என்று இரண்டே வரி. அந்தப் பதிவில் கமெண்டுக்கும் பூட்டு.