மூணாவது கிருத்திகை

காங்கேயம் பக்கத்தில் சிவன்மலை முருகன் கோயில். மலைக்கு மேலே வரைக்கும் கார் போகும். ஆனால் அம்மா வேண்டிக்கொண்டது நான் படியேறி வருவதாக. அதுவும் ஒரு தடவை இல்லை, தொடர்ந்து மூன்று கிருத்திகை.

தை மாதம் டாக்காவில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி வாங்கிக் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீஸிலிருந்து எனக்கு வேலை வந்தது. திருப்பூரில் 11 வருஷமாக ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சம்பளம் இரண்டு மடங்கு, பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். குலதெய்வக் கோயிலில் பூ கேட்டோம். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாக வைத்து ஒன்றை எடுக்கச் சொல்வது; வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் இல்லை. அண்ணன் மகள் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் செவ்வரளி. எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

"வேண்டாம்னு சாமி சொல்லலை கண்ணு, பொறுன்னு சொல்லுது. மூணு கிருத்திகை சிவன்மலை ஏறிட்டு வா. ஆண்டவர் உத்தரவு குடுப்பாரு" என்றார் அம்மா.

டாக்காக்காரர்கள் மூன்று மாதம் பொறுப்பார்களா? வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். மாசிக் கிருத்திகைக்கு அந்த ஆத்திரத்தோடுதான் ஏறினேன். "எனக்கு வந்ததை ஏன் தட்டிவிட்டாய்?" என்று சாமியிடமே சண்டை. பங்குனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. சன்னதியில் நிற்கும்போதும் சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. என்ன கும்பிட்டேன் என்றே ஞாபகமில்லை.

சித்திரைக் கிருத்திகையைத்தான் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கே படிக்கல் காலைச் சுட்டது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்துவதற்குள் அர்ச்சனைத் தட்டோடு நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். வேண்டாம் என்றாலும் ஒருவர் கையைப் பிடித்துத் தட்டைத் திணிக்கிறார். சாமி கும்பிட வருகிறவர்களை இப்படியா இழுப்பது? மேலே வரிசையிலும் அதே கதைதான். குழந்தையோடு நிற்கும் பெண்களைத் தாண்டிக்கொண்டு, "முன்னாடி எங்க ஆளு இருக்காங்க" என்று நுழைகிறவர்கள். மனசு கொதித்துக்கொண்டேதான் சன்னதிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

போய் நின்றதும் திரை போட்டுவிட்டார்கள். அபிஷேகம் முடிந்து அலங்காரம்.

அரை மணி நேரம் இருக்கும். பின்னாலிருந்து நெருக்குகிறார்கள், நகர இடமில்லை. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம், ஒரு கிண்ணம் உருளும் சத்தம். திரையின் அடியில் விளக்கு வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு பாட்டி, கூப்பிய கையை இறக்கவே இல்லை. சந்தன வாசம் வெளியே வந்தபோது "பூசறாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் முகத்தில் ஓர் அவசரமும் இல்லை. உள்ளே அவன் இருக்கிறான், ஆக வேண்டியது ஆகிறது, அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்று மாதமாக நான் பார்த்தது திரையைத்தானே!

மணி அடித்தது. திரை விலகியது. வள்ளியோடு நிற்கிறான் முருகன். பட்டாலியூர் என்று இந்த ஊரை அருணகிரியார் பாடிய முருகன். கேட்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்து வந்தது ஒன்றும் நாக்கில் வரவில்லை. அழுதேன். தீபாராதனையில் அந்த முகத்தைப் பார்த்தது போதும் என்றிருந்தது. அப்பனே, அந்த ஒரு நிமிஷத்துக்கு எத்தனை படி வேண்டுமானாலும் ஏறுவேன்.

வெளியே வந்து உத்தரவுப் பெட்டி முன்னால் நின்றேன். யாரோ ஒரு பக்தர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வான். பூ கேட்டு, உத்தரவு வந்த பிறகுதான் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். ஒரு தரம் மண், ஒரு தரம் தண்ணீர். அடுத்த உத்தரவு வரும்வரை அதுதான் இருக்கும், இத்தனை நாள் என்று கணக்கே கிடையாது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற பெட்டிதான். அன்றைக்குத்தான் அந்தக் கணக்கில்லாத கணக்கு எனக்கு உறைத்தது.

மூன்றாவது வாரம், எங்கள் வீதியில் பவர் டேபிள், அதாவது சின்னத் தையல் யூனிட், வைத்திருக்கும் மாமா வீட்டுக்கு வந்தார். முழங்கால் வலி, இனி முடியாது என்றார். 14 மெஷின், டெய்லர்கள் எல்லாம் பழகின ஆட்கள். "நீ எடுத்துப் பண்றியா மாப்ளே? பணத்தை மெதுவாக் குடு." சொந்தமாக ஒன்று செய்ய வேண்டும் என்று நான் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை, முருகனிடம்கூட. மறுபடி பூ கேட்டோம். அதே குழந்தைதான் எடுத்தாள். வெள்ளரளி! அம்மா அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வைகாசி விசாகத்தன்று பூஜை போட்டு மெஷினை ஓட்டினோம். அந்தப் பூ காய்ந்து, மஞ்சள் துணியில் முடிந்து, முதல் ஓவர்லாக் மெஷினின் நூல் ஸ்டாண்டில் தொங்குகிறது. ஆடிக் கிருத்திகைக்கு டெய்லர்கள் எல்லோரும் சேர்ந்து படியேறுவதாக இருக்கிறோம். இந்தத் தடவை வேண்டுதல் ஒன்றும் இல்லை.