இரண்டு மேசைகள், ஒரு பதிவு எண்

அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து மருத்துவராக இருந்தவர்களிடம் "இரண்டு டேபிள்" என்று சொன்னால் போதும், பெருமூச்சு விடுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு அறுவை மேசைகள். மயக்கம் கொடுத்துக் கவனிக்க ஒரே ஆள். கூடாது என்று படித்து வந்திருப்போம். பணியிடங்கள் நிரப்பப்படாத மருத்துவமனையில் அதுவே தினப்படி வேலையாகிவிடும்.

ஒரு காலை, முதல் மேசையில் குடலிறக்க அறுவைக்காக ஒருவருக்கு முதுகில் மயக்க ஊசி போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்து அறைக்கு அவசர சிசேரியன் வந்தது. வயிற்றில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. பொறுப்பில் இருந்த மூத்தவர் கதவருகே வந்து நின்று, "இரண்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் டாக்டர்" என்றார். வாய்மொழி உத்தரவு. செவிலியரை மானிட்டர் அருகே நிறுத்திவிட்டு ஓடினேன்.

தாயும் சேயும் பிழைத்தார்கள். முதல் மேசையில் இருந்தவருக்கு நான் இல்லாத நேரத்தில் இரத்த அழுத்தம் சரசரவென்று விழுந்தது. செவிலியர் குரல் கொடுத்தார்; திரும்பி ஓடிவந்தேன். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு அவர் நலமாக வீடு திரும்பினார். அவருடைய மகன் புகார் எழுதினார். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் எழுதியிருப்பேன்.

சில மாதங்களில் எனக்கு 17(பி) வந்தது. தமிழ்நாட்டு அரசு ஊழியர் குடும்பங்களில் குழந்தைகளுக்குக்கூட இந்த எண் தெரியும். பெரிய தண்டனை வரை கொண்டுபோகக்கூடிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை அது. கதவருகே நின்றவருக்கு ஒரு துண்டுக் காகிதமும் போகவில்லை.

அதுவரை, "நாம் அரசு ஊழியர், எதுவானாலும் அரசு பார்த்துக்கொள்ளும்" என்ற தைரியத்தில்தான் காலம் தள்ளினேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 1963இல் ஓர் அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவையின்போது துடைக்கும் துணி ஒன்றை வயிற்றுக்குள் விட்டுத் தைத்துவிட்டார்கள்; அந்தப் பெண் இறந்துபோனார். மருத்துவமனை நடத்துவது அரசின் இறையாண்மைப் பணிகளில் சேராது, ஊழியரின் அலட்சியத்துக்கு மாநில அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996இல். முப்பத்து மூன்று ஆண்டுகள்! ஆக, இழப்பீட்டை அரசு கட்டும். ஆனால் அலட்சியத்தால் அரசுக்கு ஏற்பட்ட பண இழப்பை ஊழியரின் சம்பளத்தில் பிடித்தம் செய்வதும் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் ஒரு தண்டனையாக இருக்கிறது. இந்த இரண்டாவது வரியைப் பணியில் சேரும் நாளில் யாரும் படித்துக்காட்டுவதில்லை.

அரசு மருத்துவமனை மீது நுகர்வோர் வழக்கே போட முடியாது என்று ஒரு தவறான நிம்மதியும் உலவுகிறது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளைத்தான் உச்ச நீதிமன்றத்தின் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்கியது. சிலரிடம் கட்டணமும் சிலருக்கு இலவசமும் என்று இருந்தால், இலவசமாகப் படுத்திருப்பவரும் வழக்குப் போடலாம். பெயருக்கு வாங்கும் பதிவுக் கட்டணம் மட்டும் கணக்கில் வராது. கட்டண வார்டு உள்ள அரசு மருத்துவமனையில் இருப்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

குற்றவியல் பொறுப்பில் அரசுக்குப் பங்கே கிடையாது. சிறைக்குப் போக நேர்ந்தால் துறை நமக்காகப் போகாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் மருத்துவர் மீது குற்ற வழக்கு என்று சொன்னது. அதற்கு முன் காவல்துறை வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும். அவர் அரசு மருத்துவராக இருப்பது நல்லது என்றும் சொன்னது. இதில் ஒரு வேடிக்கை: என் மீது குறிப்பாணை நிலுவையில் இருந்தபோதே, ஒரு தனியார் மருத்துவர் சரியாக நடந்துகொண்டாரா என்று கருத்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். அவருடைய கேஸ் ஷீட்டை அவ்வளவு பரிவோடு வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, சிகிச்சையின்போது அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த முன் அனுமதி வேண்டும் என்ற பாதுகாப்பும் இருக்கிறது. அது எல்லோருக்கும் பொருந்தாது. அரசின் அனுமதியோடு மட்டுமே பதவிநீக்கம் செய்யக்கூடியவர்களுக்குத்தான். பக்கத்தில் நிற்கும் செவிலியருக்கு அது கிடைக்குமா என்பதே சந்தேகம். அதே நாளில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும்.

இவற்றையெல்லாம் விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது, மருத்துவரைப் பதிவு செய்யவும் அந்தப் பதிவை நீக்கவும் அதிகாரம் உள்ள மருத்துவக் கவுன்சில்தான். பதவியும் ஊரும் மாறும். என் பதிவு எண் மட்டும் கூடவே வரும். அதை வழங்கியது அரசு மருத்துவமனை இல்லை. "மேலிடம் சொன்னது" என்ற பதிலுக்குக் கவுன்சிலில் என்ன மதிப்பு இருக்கும் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டேன்.

என் பக்கம் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, இன்னொரு மயக்க மருந்து மருத்துவர் தேவை என்று முந்தைய ஆண்டு நான் கொடுத்த கடிதத்தின் நகல், தபால் பிரிவின் முத்திரையோடு. எழுதியபோது அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இன்னொன்று அன்றைய கேஸ் ஷீட். முதல் மேசையை விட்டுப் போன நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் அதில் எழுதியிருந்தேன். இடைவெளி 11 நிமிடம். "நீயே உன் கழுத்தில் கயிறு மாட்டிக்கொள்கிறாயே" என்று நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். விசாரணையில் நான் சொன்ன மற்றதையெல்லாம் நம்பவைத்தது அந்த 11 நிமிடம்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு குறிப்பாணை கைவிடப்பட்டது. ஆனாலும் விசாரணை அலுவலர் கேட்ட ஒரு கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "தவறு என்று தெரிந்தும் ஏன் டாக்டர் இரண்டாவது மேசைக்குப் போனீர்கள்?"

"குழந்தையின் துடிப்பு எண்பதுக்கு வந்துவிட்டது சார்" என்றேன்.

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "இதையும் அடிக்க வேண்டுமா சார்?" என்று கேட்டார். விசாரணை அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அடியுங்கள்" என்றார்.