புல் வந்தது, புதர் வரவில்லை: பத்து வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து

அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் பவுடர் ரிவர் படுகையில் நிலக்கரிக் குழியை மூடி மேய்ச்சல் நிலமாக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரே ஒரு வார்த்தை. நடுவில் எந்த வருடமானாலும் சரி, மறுவிதைப்புக்கு ஆளை அனுப்பும் முன் அனுமதிப் பத்திரத்தைத் திறந்து படியுங்கள். புதர் குறைவாக இருக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் தூவிய விதைதான் எங்கள் கையைச் சுட்டது.

சுரங்க நிலச் சீரமைப்புக்கான 1977 கூட்டாட்சிச் சட்டத்தின்படி ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேல் இருக்கும் ஊரில் பொறுப்புக்காலம் (செடிகள் நிலைத்து வளர்வதற்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய காலம்) 5 வருடம். 26 அல்லது அதற்குக் கீழே என்றால் 10 வருடம். நம் படுகை எந்தப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம். இந்தப் பத்து எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். கடைசியாகக் கூடுதல் விதை, உரம், பாசனம் எதைக் கொடுத்தீர்களோ, அந்த வருடம் முடிந்த பிறகுதான் எண்ணிக்கை. 'வழக்கமான பராமரிப்பு' என்று மாநிலம் முன்பே ஏற்றுக்கொண்ட வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கில் வருமா என்று விதைப்பதற்கு முன்பே கடிதம் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் யாரோ "பரவாயில்லை" என்றது கோப்பில் ஏறாது.

குழியை நிரப்பிச் சரிவு திருத்தியது, வடிகால் அமைத்தது எல்லாம் சுமுகம். முதல் கட்டத்தில் பிணைத்தொகையில் (சீரமைப்புக்கு உத்தரவாதமாகக் கட்டிய பணம்) 60 சதவீதம் வரை விடுவிக்கலாம், அதுவும் வந்தது. உப்பும் சோடியமும் செலினியமும் மிகுந்த கழிவு மண்ணை 4 அடிக்குக் கீழே புதைத்துவிட்டால் அங்கே பெரிய தலைவலி இல்லை.

தலைவலி சேஜ் புதரில், அதாவது இந்த வறண்ட மேய்ச்சல் நிலத்தின் நாட்டுப் புதரில். வயோமிங் விதி, தகுதியான நிலத்தில் 20 சதவீதத்திலாவது சதுர மீட்டருக்கு 1 புதர் கேட்கிறது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. புல் அடர்ந்து வந்த இடத்தில் சேஜ் நாற்றுக்கு ஈரம் மிஞ்சாது. ஆனால் முதல் வருடமே பசுமை காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் வெஸ்டர்ன் வீட்கிராஸ் என்ற நாட்டுப் புல்லை எல்லோரும் அள்ளிப் போடுகிறோம். புதர் வேண்டிய திட்டுகளில் புல்விதையைப் பாதியாகக் குறையுங்கள். அந்தத் திட்டு இரண்டு வருடம் வெறிச்சென்று தெரியும், மேலிடத்தில் முணுமுணுப்பார்கள். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்த தப்பு, சேஜ் விதையையும் புல்லோடு சேர்த்து டிரில்லில் (மண்ணுக்குள் விதைக்கும் கருவி) போட்டது. புல்விதைக்கு கால் முதல் அரை அங்குல ஆழம் சரி. சேஜ் விதை தூசி மாதிரி; அந்த ஆழத்தில் போனால் மேலே வராது. குளிர்காலத் தொடக்கத்தில் மண்ணின் மேலேயே தூவி, உருளையால் லேசாக அழுத்திவிட்டால் போதும். மீதியைப் பனி பார்த்துக்கொள்ளும்.

சேஜ் விதை மூட்டையைப் பிரித்துப் பாருங்கள்: இலைத்தூளும் குச்சியும் பூக்காம்பும்தான் கண்ணில் படும், விதையைத் தேட வேண்டும். சீட்டில் தூய்மை 15 சதவீதம், முளைப்பு 80 சதவீதம் என்றால் பெருக்கிப் பாருங்கள், உயிருள்ள விதை 12 சதவீதம்தான். ஏக்கருக்கு 1 பவுண்டு உயிருள்ள விதை வேண்டுமானால் மூட்டையிலிருந்து 8 பவுண்டுக்கு மேல் போட வேண்டும். மொத்த எடையை நம்பி வாங்கினால் மோசம் போவீர்கள். சாதாரணக் கிடங்கில் வைத்த பழைய விதையும் வேண்டாம், சீக்கிரம் செத்துவிடும். பரிசோதனைத் தேதியைப் பாருங்கள்.

மேல்மண்ணைக் குவித்து வருடக்கணக்கில் போட்டு வைத்தால் வேரோடு வாழும் பூஞ்சை குறைந்து, உள்ளே கிடக்கும் நாட்டு விதையும் வீணாகிறது. ஒரு பக்கம் உரித்த மண்ணை அப்படியே மறுபக்கம் பரப்ப முடிந்தால் அதைவிட மேல் எதுவும் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் பரப்பவும் வேண்டாம். மெல்லிய மண்ணில் புல் தளரும், புதருக்கு வழி கிடைக்கும். ஈரத்தில் ஸ்கிரேப்பர் (மண் வாரும் கனரக வண்டி) ஓடிய தடம் கல்லாக இறுகியிருக்கும். மேல்மண் போடும் முன்பே சமவரை ஒட்டி ஆழமாகக் கீறிவிடுங்கள்.

முதல் கோடையில் கோச்சியா, ரஷ்யன் திசில் என்ற களைகள் இடுப்பளவு வரும். பதறி அகல இலைக் களைக்கொல்லி அடித்தால் சேஜ் நாற்றும் சேர்ந்து போகும். விதை கட்டும் முன் உயரமாக வெட்டிவிட்டாலே போதும். தழைச்சத்து உரமும் வேண்டாம். அதைத் தின்று கொழுப்பது சீட்கிராஸ் என்ற களைப்புல்தான்.

அளவெடுப்பில் இன்னொரு பள்ளம். நிலத்தை மூடும் செடிப் பரப்பும் விளைச்சலும் ஒப்பீட்டு நிலத்தில் (அளவுகோலாக எடுத்துக்கொண்ட, தோண்டாத பக்கத்து நிலம்) 90 சதவீதமாவது, அதுவும் பொறுப்புக்காலத்தின் பிற்பகுதியில் இரண்டு வருடமாவது வர வேண்டும். அந்த ஒப்பீட்டு நிலத்தில் மாடு மேய்ந்து, உங்கள் நிலத்தில் மேயாமல் இருந்தால் (அல்லது நேர்மாறாக) எண்கள் ஒன்றோடொன்று பேசாது. மேய்ச்சல் நாட்களை இரண்டுக்கும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள்.

பிணைத்தொகையை விடுவிக்கக் கேட்கும் விண்ணப்பத்தில் எங்களுக்கு வீணானது ஒரு பருவம். செய்தித்தாள் விளம்பரம் வாரம் ஒருமுறை, தொடர்ந்து 4 வாரம் வர வேண்டும். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் நான்கு தடவை வந்தும் பயனில்லை, மறுபடி முதலிலிருந்து. அதற்குள் பனி மூடிவிட்டால் ஆய்வுக்கு யார் வருவார்கள்? நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழி, அக்கம்பக்க நிலக்காரர்களுக்குப் போட்ட கடிதங்களின் நகல் இரண்டையும் முன்பே சேர்த்து வைத்துவிட்டு, செடி தெரியும் மாதங்களில் ஆய்வு விழும்படி விளம்பரத் தேதியைப் பின்னோக்கி எண்ணிக் குறியுங்கள்.

ஒன்று மட்டும் நினைத்ததைவிட நன்றாக அமைந்தது. மிஞ்சிய பாறைகளைச் சரிவில் குவியல் குவியலாக விட்டிருந்தோம். பனி தேங்கும் அந்த ஒதுக்குப்புறத்தில்தான் சேஜ் நாற்று முதலில் பிடித்தது, முயலும் அங்கேதான் குடியேறியது. வேலிக்கு அடிக்கம்பி முள்ளில்லாததாக, தரையிலிருந்து 16 அங்குலம் விட்டுக் கட்டுங்கள். பிராங்ஹார்ன் மான் வேலியைப் பெரும்பாலும் தாண்டாது, குனிந்து அடியில்தான் நுழையும்.