பாட்டு வேண்டாம் தம்பி

அடுத்த மாதம் மகளைப் பார்க்க ஜெர்மனி போகிறேன். பெங்களூரில் ஏறினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இன்ஜின் இரைச்சல். சென்ற முறை காதில் பஞ்சு வைத்துப் போய், இறங்கிய பிறகும் இரண்டு நாள் காதுக்குள் வண்டு பறந்தது.

நேற்று கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் இரைச்சல் நீக்கும் ஹெட்போனைக் கேட்டேன். கடைத் தம்பி என் தலையில் மாட்டிவிட்டு ஏதோ குத்துப்பாட்டைப் போட்டார். நிறுத்தச் சொன்னேன். எனக்கு வேண்டியது மௌனம். ஏசியின் உறுமல் சட்டென்று மறைந்தது. வெளியே லாரி ஹாரன் மட்டும் வந்து குத்தியது.

குறை அதனுடையதல்ல. மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கித்தான் அது அடக்குகிறது. சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சல் சிக்கும். பக்கத்து இருக்கைக் குழந்தையின் அழுகை அவ்வளவாகச் சிக்காது. அதற்குக் காதை முழுதாக மூடும் மெத்தை வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடே மாட்டிப் பாருங்கள். காம்பு இடுக்கில் சத்தம் கசிகிறது. வயர் செருகும் துளையையும் பார்த்துக்கொண்டேன், விமானத் திரையில் படம் பார்க்க உதவும்.

1978-இல் விமானத்தில் தந்த ஹெட்போனில் பாட்டுச் சரியாகக் கேட்காமல், அந்தப் பயணத்திலேயே, போஸ் ஒலிக்கருவிக் கம்பெனியைத் தொடங்கிய அமர் போஸ் இதற்குக் கணக்குப் போடத் தொடங்கினாராம். புண்ணியவான்.

வாங்கிவிட்டேன். விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.