எட்டுப் பக்கத்தில் ஓர் ஊர்

மட்டக்களப்பைப் பற்றி அச்சில் வந்தவற்றை எடுத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை பெரிய விடயங்களையே பேசுகின்றன: போர், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை, வெள்ளம், தேர்தல், கோயில்களின் வரலாறு. அவை எழுதப்படவேண்டியவைதாம். ஆனால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து சட்டித் தயிர் எவ்வாறு நகருக்கு வந்து சேர்கிறது, கல்முனைப் பேருந்தின் நடத்துநர் ஊர்ப் பெயர்களை எந்த இராகத்தில் கூவுகிறார், மழைக்கால மாலையில் ஒரு வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பனவற்றை அச்சில் காண்பது அரிது. இவற்றுக்காகவே நான் கையால் எழுதி, வரைந்து, போட்டோப்பிரதி எடுத்து, மடித்துச் சிற்றேடுகள் செய்கிறேன்.

பிறநாடுகளில் இவற்றை ‘ஸீன்’ என்கிறார்கள். 1930 இல் சிக்காகோவில் அறிவியல் புனைகதை வாசகர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ள வெளியிட்ட ஓர் இதழை இவ்வகையின் தொடக்கமாகச் சொல்வார்கள். 1970 களில் பங்க் இசை இரசிகர்களின் கையில், போட்டோப்பிரதி இயந்திரத்தின் துணையோடு, அது பெருகியது. எனினும் நமக்கு இது வெளியிலிருந்து வந்த பழக்கம் அன்று. வகுப்பறையில் ஒரேயொரு பிரதியாக எழுதப்பட்டுக் கைமாறிக் கைமாறி ஓரம் நைந்துபோன கையெழுத்துச் சஞ்சிகைகளும், ரோனியோ என்னும் பழைய பிரதியெடுக்கும் இயந்திரத்தில் சுற்றி எடுத்த இதழ்களும் நம்மிடம் நெடுங்காலமாக இருந்தவை. அந்த வழியில்தான் என் ஏடுகளையும் வைத்துப் பார்க்கிறேன்.

செய்முறை எளிது. ஒரு ஏ4 தாளை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து விரித்தால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 74 க்கு 105 மில்லிமீற்றர் அளவில் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். தாளைக் குறுக்கே ஒருமுறை மடித்து, அந்த மடிப்பின் நடுவிலிருந்து அடுத்த மடிப்புக்கோடு வரை ஒரே ஒரு வெட்டு வெட்டி, விரித்து நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால், பசையோ கம்பியோ இல்லாமல் எட்டுப் பக்க ஏடு உருவாகிவிடும். எழுதத் தொடங்குமுன் வெற்றுத் தாளில் இதனைச் செய்து, பக்க எண்களைப் பென்சிலால் இட்டு, பிறகு விரித்துப் பார்ப்பது நல்லது. நான்கு பக்கங்கள் தலைகீழாக நிற்பதைக் கண்டு புதியவர்கள் திகைப்பார்கள், ஆனால் அதுவே சரி. தாளின் மறுபுறம் வெறுமையாக இருக்கும். அங்கே நான் ஒரு வீதியின் வரைபடத்தை வரைவதுண்டு. ஏட்டைப் பிரிப்பவர்களுக்கு மட்டும் அது கிடைக்கும்.

கறுப்புப் பேனையால் எழுதுங்கள், ஏனெனில் வெளிர்நீலம் போட்டோப்பிரதியில் மங்கிவிடும். இயந்திரம் தாளின் விளிம்பைப் பதிப்பதில்லை ஆகையால், சுற்றிவர 5 மில்லிமீற்றராவது விட வேண்டும். கூடுதல் பக்கங்கள் வேண்டுமானால் நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்துப் பதினாறு பக்கம் ஆக்கலாம். அப்போது விரித்த தாளில் அருகருகே வரும் இரு பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17 ஆக இருக்கிறதா என்று பார்த்தால் ஒழுங்கு தவறாது. கட்டுவதற்கு நான் கம்பியைப் பயன்படுத்துவதில்லை. கடலும் வாவியும் சூழ்ந்த இவ்வூரில் கம்பி விரைவில் துருப்பிடித்துத் தாளைக் கறையாக்குகிறது. மடிப்பில் மூன்று துளையிட்டுப் பருத்தி நூலால் தைத்தால் ஏடு அழகாகவும் இருக்கும், நீடித்தும் நிற்கும்.

ஆயினும் கைத்திறனைவிட முக்கியமானது, ஓர் ஏட்டுக்கு ஒரே விடயம் என்ற கட்டுப்பாடு. ‘மட்டக்களப்பின் உணவு’ என்று தொடங்கினால் எட்டுப் பக்கத்தில் எதுவும் நிற்காது. களுதாவளை வெற்றிலையை ஒருவர் எப்படி அடுக்கிக் கட்டுகிறார் என்று மட்டும் எழுதினால் எட்டுப் பக்கமும் நிறைந்துவிடும். சந்தையில் மீன் விற்கும் ஒரு மாமியைப் பற்றிய ஏட்டுக்காக அவரருகே அமர்ந்திருந்தபோது, “விலைய எழுதாத மகள், நாளைக்கு மாறிரும்” என்றார். மாறிவிடும் என்பதனாலேயே எழுத வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். விலை, திகதி, இடம் ஆகிய மூன்றும் இல்லாத அன்றாட வாழ்க்கைக் குறிப்பு, எந்த ஊருக்கும் எந்த ஆண்டுக்கும் பொருந்திவிடும். அதனால் எவருக்கும் பயனில்லை. ஆகவே இறால் கிலோ எவ்வளவு என்பதும், அன்று மழை பெய்ததா என்பதும் என் ஏடுகளில் தவறாமல் இருக்கும். அந்த மாமியிடம் எழுதியதை வாசித்துக் காட்டிச் சம்மதம் பெற்ற பின்னரே பிரதி எடுத்தேன். அவர் விரும்பியபடி அவருடைய பெயரைச் சேர்க்கவில்லை. அயலவர்களைப் பற்றி எழுதுபவர்கள் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கடதாசியைப் பற்றியும் ஒரு சொல். வாழைச்சேனைக் காகித ஆலையில் ஒருகாலத்தில் வயல் வைக்கோலிலிருந்தும் கடதாசி செய்தார்கள் என்பது இம்மாவட்டத்தவர் பெருமையோடு நினைவுகூர வேண்டிய செய்தி. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நிலையையும் நாம் கண்டோம். அதன்பின் ஒருபுறம் அச்சிட்ட பழைய தாள்களை நான் எறிவதில்லை. எட்டுப் பக்க ஏட்டுக்கு ஒருபுறம் போதுமல்லவா!

இவ்வேடுகளை விற்பதில்லை. நண்பர்களுக்கும், அவற்றில் வருபவர்களுக்கும், கேட்கும் மாணவர்களுக்கும் கையிலேயே கொடுக்கிறேன்; பதிலுக்கு அவர்களும் ஒன்று செய்து தந்தால் மகிழ்வேன். மூலத்தாளை மடிக்காமல் பிளாஸ்ரிக் உறையில் வைத்துக்கொள்வதோடு, மின்வருடி எடுத்த படத்தையும் சேமிக்கிறேன். ஈழத்துச் சிறுவெளியீடுகள் பலவற்றை 2005 முதல் நூலகம் இணையத்தளம் எண்ணிமமாக்கிப் பாதுகாத்துவருவதால், கடைசிப் பக்கத்தில் ஊரும் ஆண்டும் தெளிவாக இருக்கும் ஏடு, பின்னர் வகைப்படுத்துபவர்களுக்கும் உதவும். அடுத்த ஏடு 1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தில் மாலை வேளையில் தூண்டில் போடுபவர்களைப் பற்றியது. யார் எந்த இரையைக் கோக்கிறார்கள் என்ற பக்கம் மட்டும் இன்னும் முடியவில்லை.