துரும்பை முதல் பிடியில் இறக்காதே

இந்த மலரில் நமக்குத் தமிழ் படிப்பித்த சேரைப் பற்றிப் பலரும் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். போன தை மாதம் அவர் காலமான செய்தி வந்த அன்று நமது வாட்ஸ்அப் குழு விடிய விடிய ஓயவில்லை. விவாத மேடை, சோதனைப் பெறுபேறு, பரிசளிப்பு விழா, வெள்ளிக்கிழமைப் பூசை என்று ஆளுக்கொன்றை நினைவுபடுத்தினார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் எழுத விரும்புவது வேறு. விடுதிக் கிணற்றடிக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், மாலைப் படிப்புக்கு மணி அடிக்கும் வரை நாங்கள் நாலு பேர் அடித்த முந்நூற்றி நாலு என்ற கடதாசி ஆட்டம், கதைத்த சினிமாக் கதை, கட்டிய பாட்டு. படிக்கிற பிள்ளைகள் வீணாக்குகிற நேரம் என்றுதான் அதற்குப் பெயர். அப்படி நினைக்காதவர் எனக்குத் தெரிந்து சேர் ஒருவர்தான்.

1977ஆம் ஆண்டு. நாங்கள் உயர்தர வகுப்பு. தொலைக்காட்சி என்ற பேச்சே ஊரில் இல்லாத காலம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவைதான் எங்களுக்கு எல்லாம். கே. எஸ். ராஜாவின் அந்த வேகத்தையும், ராஜேஸ்வரி சண்முகத்தின் நிதானத்தையும், அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் கேட்டுத்தான் எங்கள் வயதுப் பையன்கள் பலர் மேடையில் பேசப் பழகினார்கள். படம் திருகோணமலைக்கு வருவதற்கு எத்தனையோ மாதம் முன்னமே அதன் பாட்டெல்லாம் எங்களுக்குப் பாடமாகிவிடும். பாட்டை வைத்தே கதையை ஊகிப்போம். படம் வந்து பார்த்தால் நாங்கள் சோடித்த கதைதான் நல்ல கதையாக இருக்கும்!

அப்புறம் சண்டை. கண்ணதாசனா, வாலியா? விஸ்வநாதனா, போன வருடம் வந்த இளையராஜாவா? உவர்மலை நண்பன் கிட்டார் வாசிப்பான், அவனுக்கு இளையராஜாதான். கிண்ணியா நண்பனுக்குக் குரல் இருந்தது, அவன் விஸ்வநாதனை விட்டுக்கொடுக்கமாட்டான். மூதூரிலிருந்து லோஞ்சில் (இயந்திரப் படகில்) வந்து விடுதியில் தங்கியிருந்தவன் எந்தப் பக்கமும் சேராமல் கடதாசியைக் கலைத்துக்கொண்டே இருப்பான். எனக்குக் கண்ணதாசன். நான்தான் பாட்டு எழுதுகிறவன் என்பதால் அந்தத் தீர்ப்பை எனக்கே விட்டிருந்தார்கள்.

பாட்டு எழுதுவது அப்போது எங்களுக்கு எட்டாத விஷயமாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. பொப்பிசை நாடெங்கும் ஓங்கியிருந்த நேரம் அது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் பாட்டுகள் இல்லாத கல்யாண வீடு இல்லை. அதோடு பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் நம் ஊர்க்காரர்கள். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, இசையமைத்து, இசைத்தட்டும் வெளியிட்டவர்கள். சென்னைக்குப் போகாமல், சினிமாவில் சேராமல், திருகோணமலையில் பிறந்த ஒருவர் பாட்டு எழுதலாம், அது இசைத்தட்டில் சுழலலாம் என்பதை அவர்கள் எங்கள் கண்முன் செய்து காட்டியிருந்தார்கள். அந்த வயதில் அது எவ்வளவு பெரிய தைரியம்!

முந்நூற்றி நாலைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இந்த மலரை இங்கே கனடாவில் பிறந்த நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்பதால் கொஞ்சம். ஏழு முதல் ஏஸ் வரை 32 கடதாசி, நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்தால் 304. பெயர் அங்கிருந்துதான். முதல் நாலு கடதாசியை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும், அதாவது எத்தனை எடுப்பேன் என்று சொல்ல வேண்டும். கேட்டு வென்றவன் தன் துரும்பை, மற்றச் சாதிகளை வெட்டுகிற சாதிக் கடதாசியை, கவிழ்த்து வைப்பான். அது என்ன சாதி என்று அவன் கூட்டாளிக்கும் தெரியாது. ராசாவுக்கு வெறும் மூன்றும் அவனுக்குக் கீழே நிற்கிற ஜாக்குக்கு முப்பதும் கொடுக்கிற விளையாட்டு இது. அதனால்தானோ என்னவோ எங்களுக்கு அது அவ்வளவு பிடித்தது.

அன்றைக்கு மூதூர் நண்பன் 200 கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்திருந்தான். சேர் வந்து பின்னால் நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. வெள்ளை வேட்டி வேப்பமர நிழலில் தெரிந்தபோது கிண்ணியா நண்பன் கையிலிருந்த கடதாசி நிலத்தில் விழுந்துவிட்டது. சேர் குனிந்து அதை எடுத்து, கவிழ்த்தபடியே அவன் கையில் கொடுத்தார்.

“ஆட்டத்தை முடியுங்கோ,” என்றார்.

முடித்தோம். கை நடுங்க நடுங்க எட்டுப் பிடியும் (சுற்றும்) போட்டோம். மூதூர் நண்பன் தன் துரும்பான ஆட்டின் (ஹார்ட்) ஜாக்கை ஏழாம் பிடி வரை வைத்திருந்து இறக்கி, 200ஐத் தாண்டினான். சேர் அவன் தோளில் ஒருதரம் தட்டினார். பிறகு எனக்குப் பக்கத்தில் கிடந்த கொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது பாட்டுக் கொப்பி.

அடுத்த நாள் தமிழ்ப் பாடத்தில் கரும்பலகையில் என் பாட்டின் முதல் வரி இருந்தது. “ஆற்றங் கரையில் பூத்த தாமரையே, என் ஆருயிரே.” யார் எழுதியது என்று சேர் சொல்லவில்லை. ஆனால் வகுப்பு முழுக்க என்னைத்தான் பார்த்தது. பின் வாங்கில் தொடங்கிய சிரிப்பு முன்னுக்கு வரும் வரை சேர் காத்திருந்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இப்போது நினைத்தாலும் அந்தச் சூடு தெரிகிறது. இனி ஒரு வரியும் எழுதுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

“இதுக்கு மெட்டு இருக்கோ?” என்று கேட்டார். கிண்ணியா நண்பன் எழுந்து, சொல்லில்லாமல் மெட்டை மட்டும் பாடினான். சேர் அதைப் பலகையில் தத்தகாரமாக எழுதினார். தனன தனன தானனா தனா. சிரித்த வகுப்பு முழுவதையும் அதைத் திருப்பித் திருப்பிப் பாடவைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“இப்ப பாருங்கோ. மெட்டு குறிலிலே தொடங்குது. இவர் ‘ஆ’ என்று நெடிலை வைச்சிருக்கிறார். பாடுகிறவன் என்ன செய்வான்? அந்த நெடிலை விழுங்குவான். நெடிலை விழுங்கினால் சொல் செத்துப்போகும்.”

அப்புறம் ஆற்றுக்கு வந்தார். “திருகோணமலைப் பட்டினத்தில எந்த ஆறு தம்பி ஓடுது?”

நான் பேசாமல் நின்றேன். மூதூர் நண்பன்தான் எழுந்தான். “எங்கட பக்கம் மாவலி இருக்கு சேர். கொட்டியாரக் குடாவில வந்து விழுகுது.”

“அப்ப நீ மாவலியை எழுது. இவர் கடலை எழுதட்டும்.”

கடைசியாகத்தான் அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். வகுப்புக்குச் சொன்னதில்லை, என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னது. “ஆருயிரை முதல் வரியிலேயே போட்டிட்டீர். நேற்று உம்மட கூட்டாளி எப்படி ஆடினவன்? துரும்பை முதல் பிடியில் இறக்காதேயும்.”

பாட்டெழுதுவது பற்றி இதைவிடப் பயனுள்ள ஒரு பாடத்தை நான் பிறகு எங்கும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் அவரே வேப்பமரத்தடிக்கு வந்தார். மெட்டைத் தாளமிட்டுக்கொண்டே, “கடலின் மடியில்” என்றார். கடலின், மடியில், இரண்டும் தனன. அடுத்தது தானனா. எங்களைப் பார்த்தார். நாங்கள் விழித்தோம். “தினம் காலையில பாடுகிறீங்களே!” என்றார். கோணமா. அதோடு மலை, தனா. கோணமாமலை என்ற அந்தச் சொல் மெட்டின் இரண்டாம் பாதியில் அப்படியே போய் உட்கார்ந்தது. கிண்ணியா நண்பன் அதைப் பாடிக் காட்டியபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது.

சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் திருகோணமலைக் கோயிலைப் பற்றிய அந்தத் தேவாரப் பதிகத்தைப் பாடியபோது ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று பாட்டுக்குப் பாட்டு முடித்ததைச் சேர் அன்றைக்கு எங்கள் மொழியில் விளக்கினார். நீங்கள் கேட்கிற பொப் பாட்டில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறதே, அந்த வேலையைத்தான் அவரும் செய்திருக்கிறார் என்றார். இன்னொன்றும் சொன்னார். சம்பந்தர் இங்கே வரவில்லை, இராமேச்சரத்தில் நின்றுகொண்டுதான் பாடினார் என்பது மரபு. “குரைகடல் ஓதம் என்று அங்கேயிருந்து எழுதுகிறார். நீங்கள் கோயில் நிற்கிற சுவாமி மலைக்குக் கீழே அந்த இரைச்சலைத் தினமும் கேட்டுக்கொண்டு தாமரைக் குளம் தேடுகிறீங்கள்.” காலைப் பிரார்த்தனையில் அரைத் தூக்கத்தில் பாடி வந்த ஒன்று, ஒரு பாட்டுக்காரர் இன்னொரு பாட்டுக்காரருக்கு விட்டுச்சென்ற சொத்தாக எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

பல்லவி இப்படி வந்தது:

கடலின் மடியில் கோணமாமலை
விடியும் பொழுதில் மீனவன் வலை

மூன்று சரணம். முதலாவது டச்சுக் குடாக் கடற்கரை, கோட்டைக்குள் மேயும் மான்கள். இரண்டாவதில் மூதூர் நண்பன் மாவலியைக் கொண்டுவந்து கடலில் சேர்த்தான். கிண்ணியாத் துறையில் பாதைக்கு (அக்கரை சேர்க்கும் படகுக்கு) காத்திருப்பவர்களும் அதில் வந்தார்கள். அடுத்த வருடம் நாங்கள் யாரும் இங்கே இருக்கமாட்டோம் என்பதைக் கடைசிச் சரணம் வரைக்கும் சொல்லவில்லை. துரும்பை அங்கேதான் இறக்கினோம். பிரியாவிடை வைபவத்தில் அதைப் பாடியபோது மண்டபம் எப்படி இருந்தது என்று அன்றைக்கு அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். சேர் முன்வரிசைக் கதிரையில் தலையைக் குனிந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டத் தேவையில்லை. 1983க்குப் பிறகு ஒவ்வொருவராகப் புறப்பட்டோம். உவர்மலை நண்பன் லண்டன், நான் கனடா. மூதூர் நண்பன் இப்போது இல்லை. கிண்ணியா நண்பன் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. 2004இல் கடல் கிண்ணியாவை அடித்தபோதும் அங்கேயே இருந்தான். 2009இல் பாலம் திறந்த பிறகு பாதைக்குக் காத்திருக்கும் வேலையும் இல்லாமல் போய்விட்டது, நினைத்தபோதெல்லாம் சேரைப் போய்ப் பார்ப்பான். சேருக்குப் பார்வை குறைந்த கடைசி வருடங்களில் பத்திரிகை வாசித்துக் காட்டியதும் அவன்தான். அந்த இடத்தில் நான் இருந்திருக்கலாம் என்று அடிக்கடி தோன்றும். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு, வேலை, பிள்ளைகள், ஓய்வூதியம் எல்லாம் இந்த நாடு தந்ததுதான். ஆனாலும் அவன் தொலைபேசியில் “சேர் இன்றைக்கு உன்னைக் கேட்டவர்” என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் ஏதோ இறுகும்.

சேர் எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் கடைசியில் ஒரே கேள்விதான். “பாட்டு எழுதுகிறீரா?” இராமேச்சரத்தில் நின்று பாடலாம் என்றால் ஸ்காபரோவில் நின்றும் பாடலாம் என்று ஒரு தடவை எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பனிக்காலத்தில் இங்கே நம்மவர் வீடுகளில் இப்போதும் முந்நூற்றி நாலு ஓடுகிறது. கேள்வி கேட்பதும் கூட்டாளியைப் பார்த்து முறைப்பதும் மாறவில்லை. பிள்ளைகளும் வந்து உட்காரத் தொடங்கியிருக்கிறார்கள், என் மகள் என்னைவிட நன்றாக ஆடுவாள். ஆனால் ஆட்டத்துக்கு நடுவே யாரும் பாட்டுக் கட்டுவதில்லை. அந்தப் பேச்சு இல்லாத கடதாசி எனக்கு முழு ஆட்டமாகத் தெரிவதில்லை. ஆடும்போது பிள்ளைகளோடு பாட்டைப் பற்றிக் கதையுங்கள், அவர்கள் கேட்கிற பாட்டுத்தான் என்றாலும் கதையுங்கள். ஒரு மெட்டைக் கொடுத்து அதற்கு ஒரு வரி கேளுங்கள்.

அடுத்த கலை விழாவில் சேரின் நினைவாக அந்தப் பாட்டை மறுபடி பாடுவதாக இருக்கிறோம். உவர்மலை நண்பன் கிட்டாரோடு லண்டனிலிருந்து வருகிறான். கிண்ணியா நண்பன் பல்லவியையும் இரண்டு சரணங்களையும் பாடி ஒலிப்பதிவு அனுப்பிவிட்டான். மூன்றாம் சரணம் எங்கள் மூவருக்கும் நினைவில் முழுதாக வரவில்லை. கொப்பி ஊரில் வீட்டோடு போய்விட்டது. 1978 பிரியாவிடைக்கு வந்தவர்களில், முக்கியமாக அன்றைக்குக் கூடச் சேர்ந்து பாடிய கீழ் வகுப்புத் தம்பிமாரில், யாருக்காவது ஒரு வரி நினைவிருந்தாலும் மலர்க் குழுவுக்கு எழுதி அனுப்புங்கள். மெட்டு தனன தனன தானனா தனா.