கானும் சிவப்புக் கதிரையும்

எங்கள் ஒழுங்கையில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கு மேல் போட்டிருந்த கொங்கிரீட் மூடி ஒன்று 2023 ஜூன் மாதத்தில் உடைந்து உள்ளே விழுந்தது. இருட்டில் வருகிறவர்கள் விழுந்துவிடாமல் இருக்க, யாரோ ஒரு புண்ணியவான் கால் உடைந்த சிவப்பு பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் குழிக்குள் தலைகீழாகச் செருகிவிட்டுப் போனார். ஒரு வாரத்துக்கு என்று வைத்த கதிரை இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றது. "சிவப்புக் கதிரை தாண்டி இரண்டாவது வீடு" என்று ஓட்டோக்காரருக்கு வழி சொல்லும் அளவுக்கு அது எங்கள் விலாசத்தில் சேர்ந்துவிட்டது.

நான் இருப்பது கொழும்பில், கொட்டாஞ்சேனை. வேலை செட்டியார் தெருவில், ஒரு நகைக் கடையில் கணக்கு எழுதுவது. அரசியலுக்கும் எனக்கும் வாக்குப்போடும் நாளைத் தவிர வேறு தொடர்பு கிடையாது. அந்தக் கான் அடைத்து, ஒக்டோபர் மழைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அரிசிச் சாக்கில் மண் போட்டு வாசலை அடைத்துவிட்டு, மறுநாள் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அதற்குப் பிறகு எத்தனை அரை நாள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முதலில் போனது கிராம சேவகரிடம். வதிவிடச் சான்றிதழ், அஸ்வெசும நிவாரணம், வாக்காளர் இடாப்பு எல்லாவற்றுக்கும் அவரிடம்தானே போகிறோம், கானுக்கும் அவர்தான் என்று நினைத்தேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு ஏணி வரைந்தார். ஒரு ஏணியின் கீழ்ப்படியில் அவர், அதற்கு மேலே பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், உச்சியில் அமைச்சு. அது மத்திய அரசாங்கத்தின் ஏணி. மற்ற ஏணியில் மாநகர சபை, அதற்கு மேலே மாகாணம். "உங்கட கான் இந்த ஏணியில இல்ல, அந்த ஏணியில" என்றார். நாற்பத்தாறு வயதில் எனக்கு இது தெரியாது. எங்கள் ஊருக்கென்று நாங்கள் வாக்குப் போடுவது இரண்டாவது ஏணிக்கு. வரிசையில் நிற்பது பெரும்பாலும் முதலாவது ஏணியில். இதை ஏன் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் படம் போட்டுச் சொல்லித் தரவில்லை?

இரண்டு ஏணியோடும் குழப்பம் முடியவில்லை. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சில வீதிகள் மாகாணத்துக்கு, ஒழுங்கைகள் உள்ளூராட்சி மன்றத்துக்கு, பெரிய கால்வாய்கள் இன்னொரு கூட்டுத்தாபனத்துக்கு. தண்ணீருக்கு இந்த எல்லை தெரியாது. எங்கள் ஒழுங்கைக் கானில் ஓடுவது பெரிய வீதிக் கானில் விழுந்து, அங்கிருந்து கால்வாய்க்குப் போகிறது. எங்கே அடைத்தாலும் எங்கள் வீட்டுக்குள்தான் வரும்.

சரி, மாநகர சபை மெம்பரைப் பார்ப்போம் என்று போனால், மெம்பரே இல்லை. 2018 பெப்ரவரித் தேர்தலில் வந்த சபைகளின் காலம் 2023 மார்ச் 19ஆம் திகதியோடு முடிந்திருந்தது. அதே மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தல், திறைசேரியில் பணம் இல்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. எங்களுக்குப் பழக்கமான முன்னாள் உறுப்பினர் தன் கடை வாசலில் நின்றபடியே சொன்னார்: "அக்கா, எனக்கு இப்ப கடிதத் தலைப்புக்கூட இல்ல. நான் என்ன செய்ய?" மேலே ஏறிப் பார்த்தால் மேல் மாகாண சபையின் காலமும் 2019இல் முடிந்து, அதற்கும் தேர்தல் நடக்கவில்லை. 1866இல் முதல் கூட்டம் கூடிய ஒரு மாநகர சபைக்கு ஓர் உறுப்பினரும் இல்லாமல், அதிகாரிகள் மட்டும் நடத்திய காலம் அது. அதிகாரி கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய வீட்டுக் கதவை இரவு எட்டு மணிக்குத் தட்ட முடியாது. மெம்பருடைய கதவைத் தட்டலாம். அந்தக் கதவு இல்லாமல் போனபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

கடிதம் எழுதினோம். ஒழுங்கையில் 43 பேர் கையெழுத்து வைத்தார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினோம். எந்த அலுவலகத்துக்கு என்று இங்கே எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்களும் எங்களைப் போல மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள்தான். கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம்தான் தகவலறியும் உரிமைச் சட்டம் பக்கம் போனேன். கடைக்கு வரும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் சொல்லித் தந்தார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். ஆர்டிஐ 01 என்று ஒரு படிவம் இருக்கிறது. அது இல்லாமல் வெள்ளைத் தாளில் எழுதினாலும் சரி.

நான் உற்சாகமாக எழுதினேன்: "எங்கள் கானை ஏன் இன்னும் திருத்தவில்லை?"

ஒரே வரியில் பதில் வந்தது, அதுவும் சிங்களத்தில். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொன்னாள்: நிதி கிடைத்ததும் கவனிக்கப்படும். அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு எழுதுவினைஞரிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "ஏன் எண்டு கேட்டா காரணம் சொல்லுவாங்க, தங்கச்சி. காரணத்துக்குப் பஞ்சமா? கொப்பி கேளுங்க" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இருபது வருடமாக நான் செய்கிற வேலையே அதுதானே! கடையில் யாராவது "பணம் ஏன் குறைந்தது?" என்று கேட்டால் கதை வரும், "வவுச்சரைக் கொண்டு வா" என்றால்தான் விஷயம் வரும். அவர்களுடைய பைலில் ஏற்கெனவே இருக்கிற காகிதத்தைத்தான் கேட்க வேண்டும். இல்லாத காகிதத்தைக் கேட்டால், இல்லை என்று சொல்வதும் ஒரு பதில்தான். அதுவும் நமக்கு உதவும்.

இரண்டாவது விண்ணப்பத்தை 2024 பெப்ரவரியில் எழுதினேன். இந்த ஒழுங்கையின் கானுக்கு 2018 தொடக்கம் தயாரித்த மதிப்பீடுகளின் பிரதி. முறைப்பாட்டுப் புத்தகத்தில் இந்த ஒழுங்கை பற்றிய பதிவுகளின் பிரதி. 43 பேர் வைத்த கடிதம் எந்தத் திகதியில் கிடைத்தது, யாருடைய மேசைக்குப் போனது என்பதற்கான பதிவின் பிரதி. கடைசியில் ஒரு வரி: பதிலைத் தமிழில் தரவும். தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பே தருகிறது. ஆனாலும் அந்த ஒரு வரியை எழுதி வைத்தால்தான் நல்லது. கையில் கொண்டுபோய்க் கொடுத்து, கிடைத்ததற்கு ரசீது கேட்டு வாங்கினேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, "ரசீது தேவையா மிஸ்?" என்று ஒரு மாதிரிப் பார்த்தாள். தேவை. அது இல்லாவிட்டால் 14 நாளை எங்கிருந்து எண்ணுவது?

நாள் கடந்தும் பதில் இல்லை. நாள் முடிந்த 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு மூன்று வாரம். அவரும் கைவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழு. நான் ஆணைக்குழு வரைக்கும் போகவில்லை. மேன்முறையீட்டுக் கடிதம் போன கையோடு, ஏப்ரல் கடைசியில், ஒரு தடித்த காக்கி உறை வந்தது. தமிழ்க் கடிதம் ஒன்று, பின்னால் பதினொரு பக்கம் போட்டோ கொப்பி.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். 2022இலேயே எங்கள் கானுக்கு மதிப்பீடு போட்டிருக்கிறார்கள். நீளம், அகலம், எத்தனை மூடி, எவ்வளவு சீமெந்து எல்லாம் அழகான கையெழுத்தில். ஆனால் நீளம் ஒழுங்கையின் பாதியோடு நின்றுவிட்டது. மீதிப் பாதிக்கு எதிரே "வேறு நிறுவனத்துக்கு உரியது" என்று பென்சிலில் ஒரு குறிப்பு. எந்த நிறுவனம் என்று இல்லை. பென்சில்! கணக்குப் புத்தகத்தில் பென்சிலைக் கண்டால் எனக்கு எப்போதும் வயிறு கலங்கும்.

அந்தக் காகிதம் ஒரு வருடம் அலுமாரியில் இருந்தது. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டுமே. 2024 ஓகஸ்ட் 22இல், தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6இல் வாக்குப்போட்டோம். 117 பேர் கொண்ட சபை ஜூனில் கூடியது. இப்போதைய முறையில் நூற்றுக்கு அறுபது பேர் வட்டாரத்திலிருந்தும், நாற்பது பேர் கட்சிப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். கால் பங்கு பெண்களாக இருக்க வேண்டும். பட்டியலில் வந்தவர் யாருக்குப் பொறுப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வட்டார உறுப்பினருக்குத் தப்ப முடியாது. காலையில் பாண் வாங்கப் போகும் இடத்தில் எங்களைச் சந்தித்தாக வேண்டும்.

நாங்கள் போய்ப் பார்த்தவர் முதல் முறை வந்த ஒரு சிங்களப் பிள்ளை. முப்பது வயதுகூட இருக்காது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி, பதினொரு பக்கத்தையும் நின்றபடியே வாசித்தார். பென்சில் குறிப்பில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, தினமும் இருபது பேர் வந்து கான் எண்டு சொல்றாங்க. காகிதத்தோட வந்தது நீங்க மட்டும்தான்" என்றார், பாதித் தமிழில்.

ஓகஸ்டில் ஒழுங்கைக் கூட்டம் வைத்தோம், வாசகசாலை மண்டபத்தில். மக்கள் பங்கேற்பு என்று மேடையில் சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் முதல் முக்கால் மணி நேரம் சண்டைதான். மாடிவீட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, அதனால் அவர்கள் வரவே இல்லை. மூடியை உயர்த்திப் போட்டால் கடைக்குள் தண்ணீர் வரும் என்று சாப்பாட்டுக் கடை நானா ஒற்றைக் காலில் நின்றார். "உங்க கொத்து ரொட்டி எண்ணெய்தானே நானா கானை அடைக்குது" என்று ஒரு மாமி எழும்ப, அவர் "உங்க மகன்ட மோட்டார் சைக்கிள் கழுவுற தண்ணி எங்க போகுது?" என்று கேட்க, உறுப்பினர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்தச் சண்டையில்தான் ஒரு உண்மை வெளியே வந்தது. கீழ்ப்பாதியில் மூன்று வீடுகள் கானுக்கு மேலேயே கட்டியிருக்கிறார்கள். துப்புரவு செய்ய ஆள் இறங்க முடியாது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம், ஒருவரும் எழுதிக் கொடுக்காத விஷயம். 43 கையெழுத்தில் அந்த மூன்று வீட்டுக் கையெழுத்தும் இருந்தது.

அடுத்த வாரம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவு நாடாவோடு வந்தார். சிவப்புச் சோக்கால் கான் எல்லையைக் கோடு போட்டுக்கொண்டே வந்தவர், எங்கள் வாசலில் வந்து நின்றார். நாடாவைப் பிடித்திருந்த பையன் என்னைப் பார்த்தான். நான் கோட்டைப் பார்த்தேன். அப்பா 1994இல் தன் கையால் கட்டிய சீமெந்துப் படி, ஒன்றரை அடி கானுக்கு மேல் இருந்தது. அம்மா தினமும் கோலம் போடுகிற படி.

"இது முன்னமே இருக்கு சேர்" என்றேன். இரண்டு வருடமாக எத்தனை பேர் என்னிடம் இப்படிச் சொல்ல நான் எரிச்சலோடு கேட்டிருக்கிறேன் என்பது வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. படியில் கோட்டை இழுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

படியை செப்டம்பரில் உடைத்தார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "கடிதம் எழுதி எழுதிக் கடைசியில நம்ம படியைத்தான் உடைச்சிருக்கே" என்றார். இப்போது வாசலில் கழற்றி எடுக்கக்கூடிய இரும்புத் தட்டு ஒன்று போட்டிருக்கிறோம். அதில் கோலம் நிற்காது.

மேல்பாதிக்குப் புது மூடி போட்டு முடிந்தது. கீழ்ப்பாதி, பென்சில் குறிப்பு இருந்த பாதி, அப்படியே இருக்கிறது. அது யாருடையது என்று இரண்டு நிறுவனங்கள் கடிதம் எழுதிக்கொள்கின்றன. இரண்டு பக்கக் கடிதங்களின் பிரதியையும் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், ரசீது இருக்கிறது. நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டியபோது எங்கள் முன்னறைக்குள் தண்ணீர் வரவில்லை. கீழே நானாவின் கடைக்குள் முழங்கால் அளவு நின்றது. மறுநாள் காலை அவர் கடையைக் கழுவி முடித்துவிட்டு வந்து, "தங்கச்சி, அந்தப் போமை எனக்கும் ஒருக்கா எழுதித் தாங்க" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து அவருடையது.

கீழ்ப்பாதியில் டிசம்பரில் இன்னொரு மூடி விழுந்தது. சிவப்புக் கதிரையை யாரோ கழுவிக் கொண்டுபோய் அங்கே செருகியிருக்கிறார்கள்.